கொடியை வாசிப்பது யார்?
லூயிஸ் வோல்பேட்டின் ஓர் உவமையும் நமது அறிவியல் தமிழும்

ஓர் உவமை ஐம்பது வருடங்களுக்கு மேலாக ஆய்வுகூடங்களை வேலை வாங்கிக்கொண்டிருக்கிறது என்றால் அதை இலக்கியக்காரர்களும் ஒருமுறை திரும்பிப் பார்க்கத்தான் வேண்டும். 1969ஆம் ஆண்டில் லூயிஸ் வோல்பேட் என்ற உயிரியலாளர் கோட்பாட்டு உயிரியல் சஞ்சிகையொன்றில் எழுதிய கட்டுரையில் வரும் பிரெஞ்சுக் கொடியைத்தான் சொல்கிறேன். நீலம், வெள்ளை, சிவப்பு என்று மூன்று பட்டைகள் கொண்ட சாதாரணக் கொடி. முளையம் எப்படி உருவம் பெறுகிறது என்ற கேள்விக்கு அவர் அதை உவமையாக்கினார். பாடநூல்கள் அதைச் சின்னப் படமாகப் போட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகின்றன. தமிழில் இது பற்றி வரும் கட்டுரைகளோ கொடியை மட்டும் இறக்குமதி செய்து, அதற்குள் இருந்த கருத்தைத் துறைமுகத்திலேயே விட்டுவிடுகின்றன. என் குறை இந்த இரண்டாவது விஷயத்தில்தான்.

முதலில் பிரச்சினையைச் சொல்லிவிடுகிறேன். ஒரு முட்டைக் கலம் பிரிந்து பிரிந்து நூறாகி ஆயிரமாகிறது. அநேகமாக எல்லாக் கலங்களிலும் இருக்கும் பரம்பரையலகுகள் ஒன்றே. அப்படியிருக்க ஒரு கலம் தோலாகவும் பக்கத்துக் கலம் நரம்பாகவும் ஆவது எப்படி? வோல்பேட் தென்னாபிரிக்காவில் பிறந்து, சிவில் பொறியியல் படித்து, மண் பொறியியலில் வேலை பார்த்து, பிறகுதான் உயிரியலுக்கு வந்தவர். 2021இல் காலமானார். பொறியியலாளனுக்கு உரிய எளிமையோடு அவர் கேள்வியை மாற்றிப்போட்டார். கலங்கள் வரிசையாக நிற்கின்றன என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கலத்துக்கும் நீலமாகவும் வெள்ளையாகவும் சிவப்பாகவும் ஆகக்கூடிய ஆற்றல் இருக்கிறது. வரிசையின் ஒரு முனையிலிருந்து ஏதோ ஒரு பதார்த்தம் சுரந்து பரவுகிறது. பிளேன்டீக்குப் போட்ட தேயிலைப் பைக்குக் கிட்டச் சாயம் கடுமையாகவும் தள்ளிப்போகப் போக வெளிறியும் இருக்கிறதல்லவா, அதுபோல. கடுஞ்செறிவில் நிற்கும் கலம் நீலமாகும். இடைச்செறிவில் நிற்பது வெள்ளை. மெல்லிய செறிவில் நிற்பது சிவப்பு. கலம் தன்னைச் சூழ்ந்த செறிவை அளந்து, தான் எங்கே நிற்கிறேன் என்று அறிந்து, அந்த இடத்துக்குத் தக்கதாக ஆகிறது. இந்தச் சரிவுக்கு நமது பாடநூல்கள் 'செறிவுப் படித்திறன்' என்று பெயர் வைத்திருக்கின்றன. நல்ல சொல். படிப்படியாக இறங்குவது அந்தச் சொல்லிலேயே தெரிகிறது.

ஏன் கொடி? சும்மா வண்ணப் பட்டை என்று சொல்லியிருக்கலாமே? இங்கேதான் உவமையின் கெட்டித்தனம். கொடி பெரிதாக இருந்தாலும் சிறிதாக இருந்தாலும் மூன்றில் ஒரு பங்கு நீலம்தான். வோல்பேட் தீர்க்க நினைத்த சிக்கல் இதுவே. அது அவருக்கு எழுபத்தெட்டு வருடங்களுக்கு முந்தியது. 1891இல் ஹான்ஸ் டிரீஷ் என்ற ஜேர்மானியர் இரண்டு கல நிலையிலிருந்த கடல் முள்ளியின் முளையத்தைக் குலுக்கிப் பிரித்தார். பாதி உடல்கள் வரும் என்பது எதிர்பார்ப்பு. அதற்கு மூன்று வருடங்களுக்கு முன்னர் வில்ஹெல்ம் ரூ ஒரு தவளை முளையத்தின் இரண்டு கலங்களில் ஒன்றைச் சுட்ட ஊசியால் கொன்றபோது பாதி முளையம்தான் வந்திருந்தது. டிரீஷுக்கோ, சிறியவையாயினும், முழு உடல்களே கிடைத்தன. இயந்திரமொன்றை இரண்டாக வெட்டினால் இரண்டு இயந்திரம் வருமா? டிரீஷ் குழம்பிப்போனார். பின்னாளில் ஆய்வுகூடத்தை விட்டு, உயிருக்கென்று தனிச் சக்தி உண்டு என வாதிக்கும் தத்துவப் பேராசிரியராகிவிட்டார். அவர் கைவிட்ட இடத்தில்தான் வோல்பேட் கொடியை நட்டார். வரிசையின் இரு முனைகளிலும் அளவு நிலையாகப் பிடித்து வைக்கப்பட்டால், நீளம் குறைந்தாலும் சரிவு அதற்கேற்பச் சுருங்கும், கொடியும் முழுசாகவே இருக்கும்.

தொல்காப்பியர் உவமை பிறப்பதற்குத் தொழில், பயன், வடிவம், நிறம் என்ற நான்கையும் அடிப்படையாகச் சொல்வார். அந்த நான்கையும் வைத்து இந்தக் கொடியைச் சோதித்துப் பார்த்தால் ஒரு விஷயம் தெளிவாகும். நிறத்தில் ஒப்புமை இல்லை. எந்த நிறமாகவும் இருக்கலாம், இத்தாலியக் கொடியாக இருந்தாலும் நட்டமில்லை. வடிவத்தில் கொஞ்சம் ஒப்புமை உண்டு. பயனில் உண்டு, அளவு மாறினாலும் விகிதம் மாறாது என்பது பயன் பற்றிய ஒப்புமை. ஆனால் உவமையின் உயிர் தொழிலில் இருக்கிறது. அந்தத் தொழில் வாசிப்பு. வோல்பேட் தன் கட்டுரையில் இரண்டு கருத்துகளைத் தனித்தனியாகப் பிரித்து வைத்தார். ஒன்று இடம் பற்றிய தகவல். மற்றது அந்தத் தகவலுக்குக் கலம் கொள்ளும் பொருள். ஒரே சரிவைப் பிரெஞ்சுக் கலம் பிரெஞ்சுக் கொடியாகவும் அமெரிக்கக் கலம் அமெரிக்கக் கொடியாகவும் வாசிக்கும் என்பது அவருடைய வாதம். பிரெஞ்சுக் கொடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி அமெரிக்கக் கொடியில் ஒட்டினால், அந்தத் துண்டு தான் இப்போது நிற்கும் இடத்தைப் புதிதாக அறியும், ஆனால் பிரெஞ்சாகவே நடந்துகொள்ளும். பொருள் பதார்த்தத்தில் இல்லை, வாசிக்கும் கலத்தில் இருக்கிறது. இதை எடுத்துவிட்டால் மிஞ்சுவது வெறும் துணிதான்.

நமது கட்டுரைகள் எடுத்துவிடுகின்றன. கைக்குக் கிடைக்கும் எந்தத் தமிழ் விஞ்ஞானக் கட்டுரையையும் பாருங்கள். 'இம்மூலக்கூறு கலங்களுக்குக் கட்டளையிடுகிறது', 'இப்புரதம் கலத்தை நரம்பாக்குகிறது', 'உடலின் முழு வரைபடமும் பரம்பரையலகுகளில் எழுதப்பட்டுள்ளது'. மூன்றும் மூன்று விதமாகத் தப்பு. தன்வினை, பிறவினை என்று பத்தாம் வகுப்பில் படிப்பிக்கிறோமே, அதுதான் இங்கே நழுவுகிறது. கலம் நரம்பாகிறது என்பது தன்வினை. புரதம் கலத்தை நரம்பாக்குகிறது என்றால் பிறவினை. ஒரு ககர ஒற்றுக்குள் கோட்பாடே தலைகீழாகிவிடுகிறது. ஆங்கில மூலங்களிலும் இந்தக் கட்டளைப் பாஷை உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அங்கே அதைத் திருத்துகிற நூறு கட்டுரைகள் பக்கத்திலேயே கிடக்கின்றன. நம்மிடம் இருப்பது ஒன்றோ இரண்டோ. அதுவே பிள்ளைகளின் மனப்பாடமாகிறது.

கட்டளைப் பாஷைக்கு ஒரு பழைய வரலாறு இருக்கிறது. 1924இல் ஜேர்மனியின் ஃபிரைபேர்க்கில் ஹான்ஸ் ஸ்பெமானும் அவருடைய மாணவி ஹில்டே மங்கோல்டும் ஒரு பரிசோதனையை வெளியிட்டார்கள். நியூட் என்ற ஈரூடகவாழியின் முளையத்திலிருந்து ஒரு சிறு துண்டை எடுத்து, நிறம் வேறான இன்னொரு நியூட் இனத்தின் முளையத்தில், எதிர்ப்பக்கத்தில் ஒட்டினார்கள். அங்கே இரண்டாவது முளையமொன்று, நரம்புத் தண்டோடு, வளர்ந்தது. அதன் பெரும்பகுதி ஒட்டிய துண்டிலிருந்து வரவில்லை, ஏற்றுக்கொண்ட முளையத்தின் கலங்களிலிருந்தே வந்தது. நிற வேறுபாட்டால் இது கண்ணுக்கே தெரிந்தது. நுணுக்குக்காட்டிக்குக் கீழே கையால் அந்த வேலையைச் செய்தவர் ஹில்டே. அதே வருடம் வீட்டில் நேர்ந்த தீ விபத்தில், இருபத்தைந்து வயதில், இறந்துபோனார். ஸ்பெமானுக்கு 1935இல் நோபல் பரிசு கிடைத்தது. அந்தத் துண்டுக்கு ஸ்பெமான் வைத்த பெயர் 'அமைப்பாளர்'. பெயரே பிறகு வந்தவர்களை வழிதவறச் செய்தது என்பேன். அமைப்பாளர் என்றால் கட்டளையிடுகிறவர், அவர் கையில் கட்டளைக் கடதாசி இருக்க வேண்டும், அதைத் தேடுவோம் என்று முப்பதுகளில் பலர் இறங்கினார்கள். கிடைத்த பதில் சிரிப்பூட்டுவது. செத்த துண்டும் அதே வேலையைச் செய்தது. மெதிலீன் நீலம் என்ற வெறும் சாயம்கூடச் செய்தது! சாயத்துக்கு நரம்பு பற்றி என்ன தெரியும்? தெரிந்தது கலத்துக்குத்தான்.

தொண்ணூறுகளில் விடை துலங்கியபோது அமைப்பாளரின் கட்டளை இன்னும் விசித்திரமாக இருந்தது. அது சுரக்கும் நொகின், கோர்டின் என்ற புரதங்கள் 'நரம்பாகு' என்று சொல்வதே இல்லை. பி.எம்.பி. என்ற இன்னொரு புரதம் கலங்களைத் தோலின் பக்கம் சாய்த்துக்கொண்டிருக்கிறது. அந்தப் புரதத்தை இவை பிடித்து மடக்குகின்றன. தடை நீங்கிய கலம் தானாகவே நரம்பின் பக்கம் போகிறது. தலைவர் என்று நாம் நினைத்தவர் உண்மையில் சத்தம் போடுகிறவனின் வாயைப் பொத்துகிறவர்.

இதெல்லாம் தமிழ் வாத்தியாருக்கு எதற்கு என்று கேட்கலாம். விஞ்ஞான தினப் பேச்சுக்குத் தமிழைத் திருத்தித் தரும்படி உயர்தர உயிரியல் பிரிவு மாணவனொருவன் வந்தான். பேச்சில் 'வரைபடம்' என்ற சொல் ஆறு இடத்தில். வாசித்துக்கொண்டு போகையில் அவனே நிறுத்திக் கேட்டான்: “சேர், எல்லாக் கலத்திலயும் ஒரே வரைபடம் எண்டா, சுண்டு விரலுக்கு எப்படித் தெரியும் தான் சுண்டு விரல் எண்டு?” அவன் கேட்டது வோல்பேட்டின் கேள்வி. அவனுக்குக் கிடைத்த தமிழில் அந்தக் கேள்விக்கு இடமே இருக்கவில்லை. வரைபடம் என்ற உவமை கேள்வியை வரவிடாமல் மூடிவைக்கிறது. வரைபடத்தில் சுண்டு விரல் ஒரு மூலையில் வரையப்பட்டிருக்கும், மேசன் பார்த்துக் கட்டுவான், அவ்வளவுதான். இங்கே மேசனும் கல்லும் ஒன்று என்பதை அது சொல்லாது.

விரலின் கதை கோழிக்குஞ்சில் தெளிந்தது. கோழியின் இறக்கையில் மூன்று விரல்கள். 1968இல் சோண்டர்ஸும் கெஸெலிங்கும் கோழி முளையத்தின் இறக்கை அரும்பிலே பின்னோரத்து இழையத்தைக் கொஞ்சம் வெட்டி முன்னோரத்தில் ஒட்டினார்கள். கண்ணாடியில் பார்ப்பது போல விரல்கள் இரட்டித்து ஆறாக வந்தன. பின்னோரத்திலிருந்து ஏதோ ஒன்று பரவுகிறது, கிட்ட நிற்பது ஒரு விரலாகவும் தூர நிற்பது வேறு விரலாகவும் ஆகிறது என்று வோல்பேட்டின் குழு வாதிட்டது. அந்த ஏதோ ஒன்று 1993இல் அகப்பட்டது. பெயர் சொனிக் ஹெட்ஜ்ஹொக். ஹெட்ஜ்ஹொக் என்றால் முள்ளெலி. அந்தப் பரம்பரையலகு கெட்ட பழ ஈயின் குடம்பி உடலெல்லாம் முள்ளாகத் தெரிந்ததால் வந்த பெயர். சொனிக் என்பது வீடியோ கேம் முள்ளெலியின் பெயர். விஞ்ஞானிகளின் பகிடி. ஆறாவது விரலோடு பிறக்கும் பிள்ளையை அதிர்ஷ்டம் என்று சொல்கிறோமே, அவர்களில் சிலருக்கு நடந்ததும் இதுதான். பெருவிரல் பக்கத்திலும் அந்தப் புரதம் சுரந்திருக்கிறது. கோழியில் கத்தியால் செய்ததைக் குடும்பத்தில் வந்த சிறு விகாரம் செய்கிறது.

இப்போது சொல்லுக்கு வருகிறேன். இப்படிப் பரவி இடத்தை உணர்த்தும் பதார்த்தத்துக்கு ஆங்கிலத்தில் மோர்போஜென் என்று பெயர். 1952இல் கணிதவியலாளர் அலன் டியூரிங் உண்டாக்கிய சொல். உருவத்தைப் பிறப்பிப்பது என்பது அதன் வேர்ப்பொருள். டியூரிங் அதற்குத் துல்லியமான பொருள் எதையும் சுமத்தவில்லை. தமிழில் அதை அப்படியே 'உருவாக்கி' என்று பெயர்த்துவிட்டால் பிறவினை மறுபடி வந்து குந்திக்கொள்கிறது. என் யோசனை 'இடஞ்சுட்டி'. காரணம், தமிழுக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. இ, அ, உ என்று மூன்று சுட்டு வைத்திருக்கிறோம். இது கிட்ட, அது தூர, உது நடுவே. எழுத்தில் உகரச் சுட்டை நாம் மறந்துவிட்டாலும் யாழ்ப்பாணத்தார் பேச்சில் 'உது', 'உவர்' எல்லாம் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நீலம், வெள்ளை, சிவப்பு என்று வோல்பேட் பிரித்த மூன்று வலயத்தையும் மூன்று உயிரெழுத்தால் பிரித்து வைத்த மொழி இது. சுட்டுச் சொல்லுக்குத் தனியாக நின்றால் பொருளும் இல்லை. 'அது' என்று மட்டும் சொன்னால் எது என்று யாருக்குத் தெரியும்? சொல்பவரும் கேட்பவரும் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் பொருள். கொடியைவிடச் சுட்டு இந்தக் கருத்துக்குக் கிட்டவாக இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது.

இதற்கு மிகப் பொருத்தமான சான்று 2020இல் வந்தது, லண்டனிலுள்ள பிரான்சிஸ் கிரிக் நிறுவகத்திலிருந்து. ஜெலி மீனிலிருந்து பெறப்பட்ட பச்சை ஒளிர்வுப் புரதமொன்று இருக்கிறது. ஆய்வாளர்கள் அதை அடையாள விளக்காகத்தான் பாவிப்பார்கள். பழ ஈயின் உடலில் அதற்கு ஒரு வேலையும் இல்லை. இவர்கள் பழ ஈயின் இறக்கையில் வழமையான இடஞ்சுட்டியை நீக்கிவிட்டு, அந்த இடத்தில் இந்தப் பச்சைப் புரதத்தைச் சுரக்க வைத்தார்கள். கூடவே கலங்களின் வாங்கிகளை அந்தப் புரதத்தைப் பிடிக்கும்படி மாற்றியமைத்தார்கள். இறக்கை பெருமளவுக்கு ஒழுங்காக உருப்பெற்றது! ஈயைப் பற்றியோ இறக்கையைப் பற்றியோ ஒன்றுமே அறியாத ஜெலி மீன் புரதம். வாசகரை மாற்றினார்கள், அர்த்தம் வந்தது. கட்டளைப் பாஷையில் எழுதுகிறவர்கள் இந்தப் பரிசோதனையை எந்த வாக்கியத்தில் சொல்வார்கள் என்று அறிய ஆசை.

வோல்பேட்டை மட்டும் புகழ்ந்துவிட்டுப் போனால் விமர்சனம் ஆகாது. கொடி மறைக்கிற விஷயங்களும் உண்டு. கொடியில் காலம் இல்லை, அது நின்ற படம். முதுகுத்தண்டு நரம்புக் குழாயில் சொனிக் ஹெட்ஜ்ஹொக்கின் செறிவு மட்டுமல்ல, எவ்வளவு நேரம் கலம் அதில் நனைந்திருந்தது என்பதும் முடிவைத் தீர்மானிக்கிறது. அடுத்தது, கொடிக் கோட்பாட்டின் செல்லப்பிள்ளையான பைகொய்ட். பழ ஈயின் முட்டையில் தலைப்பக்கம் கூடியும் வால்பக்கம் குறைந்தும் இருக்கும் புரதம் அது. 1988இல் டிரீவரும் நியூஸ்லைன்-ஃபோல்ஹார்ட்டும் அதைக் காட்டியபோது கொடி கண்ணெதிரே பறந்தது போலத்தான் இருந்தது. ஆனால் அரை மில்லிமீற்றர் நீளமான அந்த முளையத்தில் அந்த நேரத்தில் கலங்களுக்கிடையே சுவரே இல்லை, கருக்களெல்லாம் ஒரே திரவத்தில் கிடக்கின்றன. பரவுவதற்கு அதைவிட வசதி வேறெங்கும் கிடைக்காது. போதாக்குறைக்குப் பைகொய்ட் ஈக்களின் ஒரு கிளையில் மட்டுமே உள்ளது, பெரும்பாலான பூச்சிகளுக்கு அது இல்லை. விதிக்கு உதாரணம் என்று எல்லாப் பாடநூலும் காட்டுவது ஒரு விதிவிலக்கை. இதைவிடச் சங்கடமானது 2014இல் வந்தது. விங்லெஸ் என்ற புரதம் தூரப் பரவித்தான் இறக்கையை வழிநடத்துகிறது என்று நம்பியிருந்தார்கள். அதைக் கல மென்சவ்வோடு கட்டிப்போட்டு, பரவவே விடாத ஈக்களை உண்டாக்கிப் பார்த்தார்கள். ஈக்கள் பிழைத்தன. இறக்கைகள் கொஞ்சம் சிறிதே தவிர வடிவம் அநேகமாகச் சரி. ஆக, பரவல் எங்கே கட்டாயம், எங்கே கட்டாயமில்லை என்பதை ஒவ்வொரு இழையத்திலும் தனித்தனியே பார்க்க வேண்டியிருக்கிறது. 'இடஞ்சுட்டி' என்ற என் சொல்லும் இந்த அடியை வாங்கத்தான் வேண்டும். சுட்டிலும் காலம் இல்லை.

வரைபட உவமையை மட்டும் என்னால் மன்னிக்க முடியவில்லை. அதற்குக் காரணம் இலக்கணம் அல்ல. 1950களில் அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் ஒற்றைக் கண்ணோடு ஆட்டுக்குட்டிகள் பிறந்தன. வருடக்கணக்காகத் தேடியபோது காரணம் தெரிந்தது. சினையாகிப் பதினான்காம் நாளளவில் தாயாடு மலைப்புல்வெளியில் ஒரு காட்டுச் செடியை மேய்ந்திருக்கிறது. அந்தச் செடியிலிருந்த பதார்த்தத்துக்கு, ஒற்றைக்கண் இராட்சதனின் பெயரால், சைக்ளோபமின் என்று பெயர் வைத்தார்கள். 1998இல்தான் அது என்ன செய்கிறது என்பது விளங்கியது. முகத்தின் நடுவை உணர்த்தும் அதே சொனிக் ஹெட்ஜ்ஹொக்கைக் கலங்கள் வாசிக்க முடியாமல் அது தடுக்கிறது. குட்டியின் பரம்பரையலகில் ஒரு குறையும் இல்லை. சுட்டியும் சரி. ஒரு சில நாட்களுக்கு வாசிப்பு நின்றுபோனது, அவ்வளவுதான். மறுபக்கம் மனிதரில், அதே பரம்பரையலகில் விகாரமுள்ள குடும்பமொன்றில் ஒரு பிள்ளை கடுமையான முகக் குறையோடு பிறக்க, அதே விகாரத்தைச் சுமக்கும் பெற்றவருக்கு மேல் முன்பல் இரண்டுக்குப் பதில் நடுவில் ஒன்று இருப்பதைத் தவிர வேறெந்தக் குறையும் இல்லாமல் இருப்பதுண்டு. வரைபடம் பிழை என்ற பேச்சால் இந்த இரண்டையும் விளக்கவே முடியாது. நமது ஊர்களில் ஊனத்தோடு பிள்ளை பிறந்தால் 'தாய் வழியா, தகப்பன் வழியா' என்று கேட்டுவிட்டு, பெரும்பாலும் தாயின் தலையில் கட்டிவிடுகிறார்கள். வரைபடம் என்ற சொல் அந்தப் பேச்சுக்கு விஞ்ஞான உடுப்புப் போட்டுவிடுகிறது. பத்திரிகையில் எழுதுகிறவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

கடைசியாக அந்த மாணவனின் சுண்டு விரல் பற்றி. சரிவு மட்டும் விரல்களைப் போடுகிறது என்று இன்று யாரும் அடித்துச் சொல்வதில்லை. 2012இல் எலிகளில் ஹொக்ஸ் பரம்பரையலகுகளைப் படிப்படியாகக் குறைத்தபோது விரல்கள் மெலிந்து, எண்ணிக்கை கூடி, ஒரு பாதத்தில் பத்துக்கும் மேல் வந்தன. மூன்று பட்டைக் கொடியில் பட்டைகள் இப்படிப் பெருகாது. கடற்கரை மணலில் காற்று விடும் வரிகள் போல, ஒன்றையொன்று தூண்டியும் தடுத்தும் பதார்த்தங்கள் தாமாகவே வரி போடும் என்று டியூரிங் 1952இல் கணக்குப் போட்டுக் காட்டியிருந்தார். வோல்பேட் அந்த வழியை அவ்வளவாக நம்பவில்லை. 2014இல் பார்சிலோனா ஆய்வாளர்கள் விரலுக்குரிய அந்த வரிக் கணக்கை உண்மையான மூலக்கூறுகளோடு பொருத்திக் காட்டினார்கள். வரிகளின் அகலத்தைச் சரிசெய்யச் சரிவுகளும் அந்தக் கணக்கில் தேவைப்பட்டன. எத்தனை விரல், என்ன இடைவெளி என்பதை டியூரிங்கின் வரிகள் பார்த்துக்கொள்கின்றன. எது பெருவிரல், எது சுண்டு விரல் என்பதில் பின்னோரத்துச் சுட்டிக்கு இன்னும் வேலை இருக்கிறது.